தேதி போட்ட வேண்டுதல்

எங்கள் பள்ளியில் கடவுள் நம்பிக்கைக்கு இருபது மதிப்பெண்.

முன்பு இப்படி இல்லை. நான் இந்த நாட்டுக்கு வேதியியல் ஆசிரியையாக வந்த முதல் வருடம், இடைப்பருவ விடுப்பு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். வெளிநாட்டு ஆசிரியர்களில் ஒரு துறைக்கு ஒருவர் பத்து நாள் ஊருக்குப் போகலாம். விமானச் சீட்டைப் பள்ளியே எடுத்துத் தரும். மற்றவர்கள் அந்தப் பத்து நாளும் பின்தங்கிய மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்குவது அறிவியலுக்குப் புறம்பானது என்று நிர்வாகம் இரண்டாம் வருடம் கண்டுபிடித்தது. அதனால் நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். பாடம் நடத்துவதற்கு நாற்பது. ஒழுங்குக்கு இருபது. நோட்டுத் திருத்துவதற்கு இருபது. கூட்டிப் பார்த்தபோது எண்பதுதான் வந்தது. மீதி இருபதுக்கு என்ன செய்வது என்று ஒரு குழு மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்து, ‘உள்வாழ்வு’ என்று எழுதியது.

உள்வாழ்வுக்கு ஒரு துறை வந்தது. துறைக்கு ஒரு பொறுப்பாளர் வந்தார். அவர் அதுவரை உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். முழங்கால் வலியால் மைதானத்தை விட்டார், விசிலை விடவில்லை. நாங்கள் அவரை விசில் சார் என்போம்.

உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த கீழ்த்தள அறையைக் காலி செய்து, ஒரு விரிப்பும் ஒரு பிளாஸ்டிக் செடியும் ஒரு சுவர்க் கடிகாரமும் வைத்து, ‘அமைதி அறை’ என்று பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பருவத்துக்கு மூன்று முறை விசில் சார் பின்னால் உட்கார்ந்து கண்காணிப்பார். மூன்றாவது கண்காணிப்பில் வாங்கும் மதிப்பெண்தான் பட்டியலில் ஏறும். முதல் இரண்டும் நாம் வளர்கிறோமா என்று பார்ப்பதற்கு.

என் பிரச்சினை, என் வேண்டுதல் நான்கு விநாடிதான்.

எங்கள் வீட்டில் சாமிப் படம் சமையலறை அலமாரியில் இருந்தது. உப்பு ஜாடிக்கு மேல்தட்டில். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அதைப் பார்த்து, “இருக்கியா?” என்று கேட்பேன். இருப்பதாகத் தோன்றும். போய்விடுவேன். இன்றுவரை அவ்வளவுதான். ஆய்வகத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பும் மனதுக்குள் அதையே கேட்பேன். இதுவரை எதுவும் வெடித்ததில்லை.

பதிவுப் படிவத்தில் ‘கடவுளின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘சாமி’ என்று எழுதிக் கொடுத்தேன். விசில் சார் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

“இது பொதுப் பெயர் டீச்சர். முழுப் பெயர் வேணும்.”

எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன்.

“சரி, இனிஷியலாவது போடுங்க. நாளைக்கு இன்னொருத்தர் சாமின்னு எழுதினா, யாரோட வேண்டுதல் யாருக்குப் போச்சுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?”

என் அப்பாவின் இனிஷியலைப் போட்டுக் கொடுத்தேன். பதிவு எண் கிடைத்தது.

அந்தப் பருவம் எனக்கு விடுப்பு கட்டாயம் வேண்டும். தங்கைக்குக் கல்யாணம். விடுப்பின் ஆறாம் நாள், வியாழக்கிழமை. நான் மூத்தவள், எனக்கு இன்னும் ஆகவில்லை. அம்மா ஃபோனில் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“நீ வரலன்னா என்ன பேசுவாங்க தெரியுமா? சின்னவளுக்கு முன்னாடி ஆகுதுன்னு பெரியவளுக்கு வயித்தெரிச்சல், அதான் வரலன்னு பேசுவாங்க. வந்து சிரிச்ச முகமா முன்வரிசையில உக்காரு. நாற்காலி போட்டு வைக்கறேன்.”

எனக்குத் தங்கை மேல் பொறாமை இல்லை. இரண்டு முறை சோதித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் புகைப்படத்தைக் காலையில் ஒரு முறையும் சாப்பிட்ட பிறகு ஒரு முறையும் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

பொறாமை வேறு இடத்தில் இருந்தது. என்னோடு ஒரே வீட்டில், பக்கத்து அறையில்.

அறிவியல், கணக்கு, புவியியல் மூன்றும் சேர்ந்து எங்கள் பள்ளியில் ஒரே துறை. அதில் வெளிநாட்டு ஆசிரியர்கள் நான்கு பேர்: உயிரியல் சார், புவியியல் சார், நான், கணக்கு அக்கா. கணக்கு அக்காவும் நானும் பள்ளி கொடுத்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அவருக்கு முப்பத்து நான்கு வயது. நான்கு வயதுப் பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர். அவர் கைப்பையின் உள் ஜிப்பில் ஒரு சின்னச் சாமிப் படம் இருக்கும். அதை விரிப்பில் வைத்துக் கண்ணை மூடினால் முதல் நிமிடத்திலேயே கண்ணீர் வந்துவிடும். பத்தாவது நிமிடம்வரை சீராக வரும். பிறகு மெல்லக் குறைந்து, பன்னிரண்டாவது நிமிடம் விசில் ஊதும்போது சரியாக மூக்கை உறிஞ்சுவார். கணக்கு டீச்சர் அல்லவா.

முதல் கண்காணிப்பில் அக்காவுக்குப் பதினாறு. எனக்கு ஆறு.

நான் கண்ணை மூடி, “இருக்கியா?” என்று கேட்டேன். மீதி பதினொரு நிமிடம் ஐம்பத்தாறு விநாடி என்ன செய்வதென்று தெரியவில்லை. தனிம வரிசையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஐம்பத்து இரண்டாவது தனிமத்தில் விசில் ஊதியது.

“கண்ணு மூடியிருந்துச்சு. அதுக்கு நாலு மார்க்கு,” என்றார் விசில் சார். “அசையாம இருந்தீங்க, அதுக்கு ரெண்டு. ஆனா நீங்க வேண்டினதுக்கு ஆதாரம் எங்க? தூக்கத்துக்கும் இதுக்கும் வித்தியாசத்தை நீங்கதானே காட்டணும்?”

பக்தி உள்ளே இருப்பது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“உள்ள இருக்கறது உங்களுக்கும் அவருக்கும். வெளிய வர்றதுதான் துறைக்கு,” என்று ‘உடல்சார் வெளிப்பாடு’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். “கணக்கு டீச்சர் என்ன அருமையா அழறாங்க. பாக்கற எனக்கே பாவம் செஞ்ச மாதிரி இருக்கு. பக்கத்து ரூம்தானே, கேட்டுக் கத்துக்கங்க.”

கேட்டேன். அதெல்லாம் தானா வரும்டி என்று சொல்லிவிட்டு அக்கா துணி காயப்போடப் போய்விட்டார்.

இரண்டாம் கண்காணிப்புக்குக் கைக்குட்டையில் வெங்காயச் சாறு நனைத்துக்கொண்டு போனேன். வெங்காயத்தை நறுக்கியதும் கந்தகம் கலந்த ஆவி கிளம்புகிறது என்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். ஆவிக்கு வாசனை உண்டு என்பதையும் நானேதான் நடத்துகிறேன். மறந்துவிட்டேன். கண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் அறிக்கையில் விசில் சார் இப்படி எழுதினார்: ‘ஈரம் திருப்தி. வெங்காயம் ஒன்று, பதிவுப் படிவத்தில் குறிப்பிடப்படவில்லை.’ மீண்டும் ஆறு.

அந்த வாரம் இயக்குநர் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார். இயக்குநர் நம் மொழிக்காரர்தான். இங்கே வந்து இருபது வருடமாகிறது. இனிமையான குரல். எதைச் சொன்னாலும் நம் நன்மைக்கு என்று தோன்றும். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னார் என்று புரியும்.

“நாங்க யாரோட கடவுள் விஷயத்துலயும் தலையிட மாட்டோம்,” என்று தொடங்கினார். “அவர் நேரத்துக்கு வர்றாரா, சொன்ன வேலைய முடிக்கறாரா, அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியணும். போன வருஷம் நம்ம ஆசிரியர்கள் மொத்தமா அம்பதாயிரம் நிமிஷம் வேண்டியிருக்கீங்க. என்ன வந்துச்சுன்னு மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க. நிம்மதி வந்துச்சுன்னு சொன்னா, எத்தனைன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?”

எத்தனை என்று எங்களுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து வேண்டுதலுக்கும் பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்றார். நோக்கம், கால அளவு, பயன்படுத்தும் பொருட்கள், எதிர்பார்க்கும் விளைவு, விளைவை அளக்கும் முறை, முடிவுத் தேதி. வேண்டுதல் குறிப்பாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்’ என்று எழுதியவருக்கு, எல்லோரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டுப் படிவம் திரும்பி வந்தது. ‘உலகில் அமைதி’ என்று எழுதியவருக்கு, இது பள்ளியின் அதிகார எல்லைக்கு வெளியே என்று முத்திரை குத்தி வந்தது.

உயிரியல் சார் மட்டும் சொன்னபடி எழுதினார். வெயில் தாங்கவில்லை, ஒரு வாரத்துக்குள் இருபது மில்லிமீட்டர் மழை வேண்டும் என்று குறிப்பாக வேண்டினார். ஐந்தாம் நாள் இருபத்து இரண்டு மில்லிமீட்டர் பெய்தது. அன்றைக்குத்தான் விளையாட்டு விழா. பந்தல் சரிந்து, முக்கிய விருந்தினர் காரைவிட்டு இறங்காமலே போனார். அதிகப்படியான இரண்டு மில்லிமீட்டருக்கு விளக்கம் கேட்டு உயிரியல் சாருக்கு மெமோ வந்தது. உள்வாழ்வில் பூஜ்யம் போட்டு அவரைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். படிவத்தில் ‘பக்க விளைவுகள்’ என்று இன்னொரு கட்டம் சேர்ந்தது.

புவியியல் சார் கதை வேறு. ஐம்பது வயது, தனி ஆள், நம்பிக்கை இல்லாதவர். கடவுளின் பெயர் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். நம்பிக்கை இல்லாதவர்களை ஒதுக்குவது பாகுபாடு ஆகிவிடும் என்பதால், அவரும் நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் அமைதி அறையில் உட்கார்ந்து நம்பாமல் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிவு செய்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

“இல்லைன்னா, எங்க இல்லை சார்? இடம் கேக்குது ஃபாரம்ல,” என்றார் விசில் சார்.

“எங்கயும்தான்.”

விசில் சார் ‘எங்கும்’ என்று எழுதிக்கொண்டார். மற்றவர்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தில் இருந்ததும் அதே சொல்தான்.

புவியியல் சார் மூன்று கண்காணிப்பிலும் ஒரே சீராக நம்பாமல் இருந்தார். கடைசி மதிப்பெண் பத்தொன்பது. ஒரு முறை கூரையைப் பார்த்ததால் ஒன்று குறைந்தது. இத்தனைக்கும் அவருக்கு ஊரில் யாரும் இல்லை, விடுப்பும் கேட்கவில்லை. பட்டியலுக்கு அது தெரியாது.

மூன்றாம் கண்காணிப்பு அக்காவுக்குத் திங்கட்கிழமை முடிந்தது. பதினேழு. அன்று மாலை ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டியிருந்த கணக்கு இது: கணக்கு அக்கா மொத்தம் எண்பத்தெட்டு. புவியியல் சார் எண்பத்து நான்கு. என்னுடையது உள்வாழ்வு சேராமல் எழுபத்தொன்று. அக்காவும் உள்வாழ்வு சேராமல் எழுபத்தொன்றுதான். பாடத்தில், ஒழுங்கில், நோட்டில் நாங்கள் இருவரும் சரிசமம். வித்தியாசம் கண்ணீரில்தான்.

நான் புதன்கிழமை பதினெட்டு வாங்க வேண்டும். ஆறுக்கு மேல் ஏறாதவள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன். அக்கா கூடத்தில் குழந்தையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை நாள் என்று குழந்தை கேட்டது போலிருக்கிறது.

“பதினோரு நாள்டா கண்ணு. வெரல் விட்டு எண்ணிக்க. பத்தாது, இல்ல? கால்ல ஒரு வெரல எடுத்துக்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். விடுப்பு அவர் கையில் வந்துவிட்டதுபோல ஒரு சிரிப்பு. குழந்தையைப் பார்க்க அவர் தவிப்பது எனக்குத் தெரியும். இந்த வருடம் இரண்டு முறை அந்தக் குழந்தை, “யாரு இது?” என்று கேட்டு ஃபோனைக் கீழே வைத்ததும் தெரியும். தெரிந்தும் எனக்குள் அது கொதித்தது. பொறாமைக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் மூடி போட்டு வைத்தால் மூடி ஆடும்.

அக்கா உள்ளே வந்து, “ஏய் கெமிஸ்ட்ரி, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வேணா ஏதாவது கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?” என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் சோறு குழையுதுக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது பாடவேளை எனக்கு ஓய்வு. ஆய்வகத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். அடியில் சிறிய எழுத்தில், ‘இதில் உள்ளவை கடவுள், ஊழியர், துறை ஆகிய மூவருக்குள் மட்டும்’ என்று அச்சடித்திருந்தது. அதை நம்பினேன். அந்தப் பருவத்தில் நான் முழுதாக நம்பியது அதை ஒன்றைத்தான்.

எழுதினேன். நோக்கம்: கணக்கு ஆசிரியையின் உள்வாழ்வு மதிப்பெண் குறைய வேண்டும். எதிர்பார்க்கும் விளைவு: பதினேழிலிருந்து பத்து. அளக்கும் முறை: ஆசிரியர் அறைப் பலகை. முடிவுத் தேதி: வெள்ளிக்கிழமை காலை. பக்க விளைவுகள்: ஒரு குழந்தை அழும்.

கடைசிக் கட்டத்தை எழுதிய பிறகு கிழித்துப் போட்டிருக்கலாம். மணி அடித்தது. பெட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அன்று மதியம் அமைதி அறையில் கண்ணை மூடினேன். “இருக்கியா?” என்று கேட்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். விசில் ஊதியபோது நான்கு விநாடிதான் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

விசில் சார் எழுந்து நின்றிருந்தார்.

“டீச்சர், இவ்வளவு நாள் இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார். “பல்லக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையும் இறுக்கி மூடி, நெத்தி பூரா வேர்வை. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் எத்தனையோ பேர் வேண்டிப் பாத்திருக்கேன். இதுதாம்மா பக்தி.”

இருபதுக்கு இருபது போட்டார். அந்தத் துறையில் அது முதல் முழு மதிப்பெண்.

வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் கூட்டம். கணக்கு அக்கா வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருந்தார்.

இயக்குநர் எழுந்தார். முப்பது சதவீத வேண்டுதல்கள் நிறைவேற வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். இந்தப் பருவம் வந்த வேண்டுதல்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததாகவும் சொன்னார். யாரோ ஒருவரின் மாமனார் இன்னும் குடிக்கிறார். யாரோ ஒருவரின் முதுகுவலி அப்படியே இருக்கிறது. மழை ஒன்று வந்தது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

“ஒரே ஒரு படிவம் பாத்தேன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு,” என்றார். “குறிப்பா இருக்கு. அளக்க முடியுது. தேதி இருக்கு. எல்லாத்துக்கும் மேல, நம்ம அதிகார எல்லைக்குள்ள இருக்கு. கடவுளுக்கு எதுக்கு வீண் சிரமம்? நேத்து சாயங்காலம் நாங்களே கையெழுத்துப் போட்டு நிறைவேத்திட்டோம். நம்ம பள்ளியோட முதல் வெற்றி.”

பிறகு படித்தார். நோக்கத்திலிருந்து பக்க விளைவுகள் வரை முழுவதும் படித்தார். வேண்டியவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது விதி. அதனால் ‘நம் வேதியியல் ஆசிரியை’ என்று மட்டும் சொன்னார். பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஒருத்திதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் இயக்குநர் நிறுத்தினால் கைதட்டுவது எங்கள் பழக்கம். உயிரியல் சார் தட்டிவிட்டுப் பிறகு கையைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். அந்த ஜிப் சத்தம் போல எதுவும் இவ்வளவு நேரம் காதில் நின்றதில்லை.

பலகையில் புதிய கணக்கு ஒட்டியிருந்தது. நான் தொண்ணூற்றொன்று. அக்கா எண்பத்தொன்று. விடுப்பு எனக்கு.

நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், வேண்டுதலைத் திரும்பப் பெற வேண்டும் என்று விசில் சாரிடம் சொன்னேன். அவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நிறைவேறாத வேண்டுதலத் திரும்ப வாங்கலாம், அதுக்கு ஃபாரம் இருக்கு. நிறைவேறினத எப்படிம்மா வாங்கறது? வெற்றி மேலிடத்துக்குப் போயாச்சு. கணக்கு டீச்சர் பத்து பத்துதான்.”

அப்படியானால் என் இருபதையாவது எடுத்துவிடுங்கள் என்றேன்.

“விளைவை ஏற்க மறுத்தல்னு ஒண்ணு இருக்கு. பூஜ்யம் ஆயிடும். யோசிச்சுக்கங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன், கடவுள் குடுக்கறப்ப வாங்கிக்கணும். அதுவும் எங்க கையெழுத்தோட குடுத்திருக்காரு.”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான் எழுபத்தொன்று ஆவேன். அக்கா எண்பத்தொன்று. பத்து மதிப்பெண் வித்தியாசம், தாராளம். தங்கையை நினைத்தேன், முன்வரிசை நாற்காலியை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தியாகம் செய்த நிறைவோடு படியேறி வந்தேன்.

அக்கா ஆசிரியர் அறையில் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நான் செய்ததைச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“உன் மார்க்கு இப்ப என்ன?”

எழுபத்தொன்று என்றேன்.

“என்னோடது?”

எண்பத்தொன்று.

“புவியியல் சார்?”

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

“எண்பத்து நாலு. மூணு பேர் இருக்கோம்டி கணக்குல,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும்போது சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். பிறகு இரண்டு வாரம் என்னிடம் உப்பு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அவரே தேடி எடுத்துக்கொண்டார்.

புவியியல் சார் விடுப்பை மறுக்கப் பார்த்தார். ஊரில் தனக்குப் போய் இறங்க ஒரு வீடு கிடையாது, பெட்டியில் வைக்க ஒரு பொருள் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். வெகுமதியை மறுப்பது நன்றியின்மை, நன்றியின்மைக்கு ஒழுங்கில் பத்து குறையும், மறுத்த விடுப்பு வேறு யாருக்கும் போகாது என்று பதில் வந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் காலிப் பெட்டியோடு வந்து நின்றார்.

“பெட்டி காலியாத்தான் போகுது. ரெண்டு பேரும் ஏதாவது குடுக்கறதா இருந்தா குடுங்கம்மா. சும்மா சுத்தறதுக்குப் பதிலா கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்.”

நான் தங்கைக்கு வாங்கி வைத்த புடவையைக் கொடுத்தேன். அக்கா உள்ளே போய் ஒரு பொம்மையும் இரண்டு கவுனும் எடுத்து வந்தார். கவுன் சின்னதாக இருக்குமோ என்று கையில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

கல்யாண நாள் வியாழக்கிழமை காலை, நான் புவியியல் சாருக்குப் பதிலாகத் தாழ்வாரத்தில் நின்று பிள்ளைகள் ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மணவறையில் உட்காரும் நேரம் பார்த்து, “இருக்கியா?” என்று கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. சாமியும் விடுப்பில் போயிருக்கலாம்.

மதியம் புகைப்படங்கள் வந்தன. முன்வரிசையில், அம்மா எனக்குப் போட்டு வைத்த நாற்காலியில் புவியியல் சார் உட்கார்ந்திருந்தார். அடுத்த படத்தில் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றார். அதற்கு அடுத்ததில் அவருக்கு அம்மாவே பரிமாறிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா என் தட்டில் அப்படிக் குனிந்து பரிமாறி மூன்று வருடம் ஆகிறது.

சாயங்காலம் அம்மா பேசினாள். கல்யாணம் நன்றாக நடந்ததாம். அந்த சார் மாதிரி ஒரு தங்கமான மனிதரைப் பார்த்ததே இல்லையாம். “எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. உங்க அத்தைதான், பெரியவ வயித்தெரிச்சல்ல வரலன்னு யார்கிட்டயோ சொல்லியிருக்கா.”

“ஆமாம்மா,” என்றேன்.

“என்னடி ஆமா?”

“எரியுதும்மா. ஆனா தங்கச்சி மேல இல்ல.”

மறுநாள் அக்காவுக்குப் படம் வந்தது. குழந்தை புவியியல் சாரின் தோளில் உட்கார்ந்து அவர் காதுகள் இரண்டையும் பிடித்திருந்தது. கவுன் சரியாக இருந்தது. அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். குழந்தையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது புவியியல் சாரின் காதை.

“அவளுக்குப் புது ஆள்னா ஆகவே ஆகாது,” என்றார். அது பதினான்கு நாளில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். “என்கிட்ட ஃபோன்லயே வர மாட்டா. இந்த ஆளு தோள்ல ஏறி உக்காந்திருக்கா பாரு.”

நான் என் படங்களைக் காட்டினேன். நாற்காலியைச் சுட்டிக் காட்டினேன். அக்கா அதையும் பெரிதாக்கிப் பார்த்தார். இருவரும் சோபாவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உள்ள உக்காந்து மூணு தடவையும் அழுதேன்ல, என்ன வேண்டினேன்னு நெனைக்கற?”

பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்றுதானே என்றேன்.

“அது கடைசி ரெண்டு நிமிஷம். முதல் பத்து நிமிஷம், உன் மார்க்கு ஏறவே கூடாதுன்னுதான்.”

எனக்கு மூச்சு வந்தது. பதினான்கு நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து அவர் பக்கம் வைத்ததுபோல இருந்தது. படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“நியாயம் நடக்கணும்னு எழுதினேன். தேதி போடல. அதனாலதான் நீ தப்பிச்ச.”

கல் போன இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல். அதற்கு அவருக்கு அவ்வளவு கண்ணீர் வந்திருக்கிறது. எனக்கு வேர்வைதான் வந்தது.

அடுத்த பருவத்துக்கான படிவங்கள் அன்றுதான் வந்திருந்தன. புதிதாக, ‘கூட்டு வேண்டுதல்: இருவர் கையெழுத்திடலாம்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். அக்கா ஒன்றை உருவி மேசைமேல் வைத்துச் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“நீ எழுது. உனக்குத்தான் நல்லா வருது.”

கொஞ்சம் யோசித்தேன். புவியியல் சாரின் காதையும் என் நாற்காலியையும் நினைத்துக்கொண்டு, நோக்கம் என்ற கட்டத்தில் எழுதினேன்: ‘புவியியல் ஆசிரியருக்குக் கடவுள் நம்பிக்கை வர வேண்டும்.’

அக்கா படித்துப் பார்த்தார். “முழுசா வந்தா இருபது வாங்கிடுவாருடி. அரைகுறையா வரணும்னு போடு.”

போட்டேன். இருவரும் கையெழுத்திட்டோம்.

“தேதி?”

“கண்காணிப்புக்கு முந்தின நாள்,” என்றார் அக்கா.